இணைய வகுப்பில் மூளை விழித்திருக்க: ஆசிரியர்களும் பெற்றோரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

2020 ஏப்ரல் 8ஆம் தேதி சிங்கப்பூர்ப் பள்ளிகள் முழுமையாக வீட்டிலிருந்து கற்கும் முறைக்கு மாறின. மே மாதத் தொடக்கம் வரைக்கும்தான் என்று அப்போது சொன்னார்கள். பள்ளிக் கதவுகள் திறந்துவிட்டன. ஆனால் தமிழ்த் துணைப்பாட வகுப்புகள் பலவும் ஸூமிலேயே தங்கிவிட்டன. உயர்நிலைப் பள்ளிகளில் 2021ஆம் ஆண்டிலிருந்து மாதத்துக்குச் சுமார் இரண்டு நாள் வீட்டிலிருந்து கற்பது வழக்கமாகவே ஆகிவிட்டது. பெரியவர்களுக்கான மாலை நேரப் பயிற்சிகளிலும் பாதி திரையில், பாதி நேரில் என்பது இப்போது சகஜம். இப்படித் திரை வழியாகப் பாடம் நடத்துவோரும், பக்கத்து அறையில் உட்கார்ந்து 'பிள்ளை உண்மையில் படிக்கிறதா' என்று யோசிக்கும் பெற்றோரும் கேட்பவற்றைத் தொகுத்திருக்கிறேன்.

மூளை அறிவியல் என்கிறீர்கள். டியூஷனில் ஸ்கேனா எடுக்கப் போகிறோம்?

வேண்டியதில்லை. வகுப்புக்கு உதவும் கண்டுபிடிப்புகளில் பெரும்பாலானவை ஸ்கேன் அறையில் பிறந்தவை அல்ல. சொற்பட்டியலும் கடிகாரமும் வைத்துக்கொண்டு செய்த நினைவாற்றல் சோதனைகளில் வந்தவை. வண்ண வண்ண மூளைப் படங்களைப் போட்டு விற்கப்படும் பயிற்சிகளின் மேல் கொஞ்சம் சந்தேகம் இருப்பது நல்லதுதான்.

தெரிந்துகொள்ள வேண்டிய அடிப்படை கொஞ்சம்தான். புதிதாக வரும் எதுவும் முதலில், கொஞ்ச நேரம் மட்டும் பிடித்துவைக்கும் செயல்நினைவில் உட்கார வேண்டும். அது உணவங்காடி நிலையத்து மேசை மாதிரி. இருப்பது நான்கு நாற்காலி, ஒருவர் எழுந்தால்தான் இன்னொருவர் உட்காரலாம். 1956இல் உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் அந்த அளவை 'ஏழு, கூடக்குறைய இரண்டு' என்றார். 2001இல் நெல்சன் கோவன் நான்குதான் தேறும் என்று கணக்கைக் குறைத்தார். அங்கே நின்றது, ஏற்கெனவே தெரிந்த ஏதோ ஒன்றோடு கோத்துக்கொண்டால், மூளையின் உள்ளே இருக்கும் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியின் உதவியோடு நீண்டகால நினைவுக்குப் போகிறது. அப்படிப் போனதைத் திரும்ப வெளியே எடுக்கும் ஒவ்வொரு தடவையும் அந்த நினைவு உறுதிப்படுகிறது.

கீழே வரும் பதில்களில் பாதி இந்தக் கடைசி வரியைச் சுற்றித்தான் வரும். பிள்ளை திரையைப் பார்க்கிறதா என்று கவலைப்படுவதைக் குறைத்துக்கொண்டு, தன் தலையிலிருந்து எதையாவது எடுத்து வெளியே வைக்கிறதா என்று பாருங்கள்.

கேமராவைக் கட்டாயம் போடச் சொல்லலாமா?

தொடக்கநிலை 1, 2 பிள்ளைகள் என்றால் சொல்லலாம். ஆனால் முகத்தைவிட நோட்டுப் புத்தகம் கேமராவில் தெரிந்தால்தான் உங்களுக்குப் பயன். பென்சில் எங்கே தயங்குகிறது, 'ற'வுக்குப் பதில் 'ர' எழுதுகிறதா என்பதெல்லாம் முகத்தில் தெரியாது.

பெரிய பிள்ளைகளைக் கட்டாயப்படுத்த வேண்டாம் என்பதே என் கருத்து. ஸ்டான்ஃபர்டு பல்கலைக்கழகத்தின் ஜெரமி பெய்லன்சன் 2021இல் ஸூம் களைப்புக்கு நான்கு காரணங்களை முன்வைத்தார். எல்லா முகங்களும் மிக அருகில் நின்று நம்மையே முறைப்பது போன்ற தோற்றம், ஓயாமல் நம் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பது, அசையாமல் உட்கார வேண்டியிருப்பது, தலையசைப்பது போன்ற சைகைகளை வலிந்து காட்ட வேண்டியிருப்பது. இவை எல்லாமே பாடத்துக்குச் சேர வேண்டிய சக்தியைத் தின்பவை. அதோடு வீட்டு நிலவரம் வேறு இருக்கிறது. மூவறை வீட்டில் தம்பி தொலைக்காட்சி பார்க்க, பாட்டி பின்னால் துணி மடித்துக்கொண்டிருக்க, அதையெல்லாம் வகுப்புத் தோழர்கள் பார்க்கிறார்களே என்ற கூச்சத்தில் ஓர் உயர்நிலை 2 மாணவி கேமராவை மூடினால், அதை ஒழுங்கீனமாக எடுத்துக்கொள்ள முடியாது.

வகுப்பு தொடங்கும்போது இரண்டு நிமிடம் கேமரா, வணக்கம், நலம் விசாரிப்பு. பிறகு அவரவர் விருப்பம். போட்டிருப்பவர்களிடம் தன் முகம் தனக்குத் தெரியாமல் மறைக்கும் வசதியைக் காட்டிக்கொடுங்கள். கவனிக்கிறார்களா என்பதைப் பதில்களை வைத்துக் கண்டுபிடிக்கலாம்.

இன்றைய பிள்ளைகளின் கவனம் எட்டு விநாடிதானாமே? எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்துவது?

தங்க மீனின் கவனத்தைவிட மனிதக் கவனம் குறைந்துவிட்டது என்ற அந்தக் கதையை நம்பாதீர்கள். அதற்கு ஆய்வு அடிப்படை எதுவும் இல்லை. விளையாட்டில் மூன்று மணி நேரம் மூழ்கும் பிள்ளைக்கு எட்டு விநாடிக் கவனம் என்று எப்படிச் சொல்வது? 'விரிவுரையில் பதினைந்து நிமிடத்துக்கு மேல் கவனம் நிற்காது' என்பதும் பலர் சொல்லிச் சொல்லி நிலைத்துவிட்டதே தவிர, சான்று பலவீனமானது.

நல்ல சான்று உள்ளவை இரண்டைச் சொல்கிறேன். இடெக்ஸ் (edX) என்ற இணையப் பாடத் தளத்தில் 69 லட்சம் காணொளிப் பார்வைகளை அலசி 2014இல் வெளியான ஆய்வில், காணொளி எவ்வளவு நீளமாக இருந்தாலும் மாணவர்கள் பார்த்த நேரத்தின் இடைநிலை அளவு (பாதிப் பார்வைகள் அதற்குக் கீழே, பாதி மேலே) ஆறு நிமிடத்தைத் தாண்டவில்லை. முழு விரிவுரையைப் பதிவு செய்து அனுப்பிவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். அடுத்தது 2013இல் ஹார்வர்டில் ஸ்பூனார், கான், ஷாக்டர் மூவரும் செய்தது. புள்ளியியல் குறித்த 21 நிமிடக் காணொளியை நான்காக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் பிறகு ஒரு குழுவுக்குச் சின்னச் சோதனை வைத்தார்கள். அந்தக் குழுவில் மனம் அலைபாய்வது ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. துண்டு துண்டாக வெட்டியதால் மட்டும் வந்த பலன் இல்லை அது, ஏனென்றால் மற்றக் குழுக்களும் அதே துண்டுகளைத்தான் பார்த்தன. ஒவ்வொரு துண்டின் முடிவிலும் கேள்வி வந்ததுதான் வேறுபாடு.

ஆகவே ஐந்து முதல் ஏழு நிமிடத்துக்கு ஒரு கேள்வி என்று வைத்துக்கொள்ளுங்கள். கடிகாரம் பார்த்து நடத்த வேண்டியதில்லை. ஒரு கருத்து முடிந்ததா, கேளுங்கள்.

கேட்டால் எப்போதும் அதே இரண்டு பேர்தான் பதில் சொல்கிறார்கள். மற்றவர்களை எப்படி இழுப்பது?

இதுதான் எல்லா ஆசிரியர்களும் கேட்பது. கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

பன்னிரண்டு பேர் உள்ள தொடக்கநிலை 5 வகுப்பு, பாடம் இரட்டைக்கிளவி. திரையில் ஒரு வரி: 'செய்தியைக் கேட்டதும் அவள் கண்களிலிருந்து கண்ணீர் ______வெனக் கொட்டியது.' "பதிலைச் சாட்டில் டைப் பண்ணுங்க, நான் சொல்றவரைக்கும் யாரும் அனுப்பக் கூடாது" என்கிறார் ஆசிரியர். அமைதி. ஒருவன் "டீச்சர், எனக்குத் தெரியும்!" என்று கத்துகிறான். "தெரிஞ்சா எழுதி வை." இன்னும் கொஞ்சம் அமைதி. "மூணு, ரெண்டு, ஒண்ணு, அனுப்பு!"

பதில்கள் மொத்தமாக வந்து விழுகின்றன. ஐந்து பேர் 'பொலபொல', மூன்று பேர் 'சலசல', ஒருவர் 'மளமள', ஒரு பிள்ளை ஆங்கில எழுத்தில் அடித்த ஏதோ ஒன்று. இருவரிடமிருந்து சத்தமே இல்லை. ஒரே நொடியில் வகுப்பு முழுவதன் நிலவரமும் உங்கள் முன்னால் இருக்கிறது. யாருடைய பதிலையும் பார்த்துக் காப்பியடிக்க யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை. பன்னிரண்டு பேரில் பத்துப் பேர் தலைக்குள் போய்த் தேடியிருக்கிறார்கள், அதே இருவர் அல்ல.

இங்கே 'சரியான விடை பொலபொல, அடுத்தது' என்று போய்விட்டால் பாதிப் பலன் போய்விடும். சலசல எழுதியவளிடம் திரும்புங்கள். "சலசலன்னா உனக்கு என்ன சத்தம் கேக்குது?" "தண்ணி ஓடுற சத்தம், டீச்சர்." "சரி, கண்ணீர் ஓடுமா, துளித்துளியா உதிருமா?" யோசிக்கிறாள். "உதிரும்... அப்போ பொலபொலவா?" விடையை யாரும் அவளுக்குச் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். தானே உருவாக்கிய விடை, வாசித்த விடையைவிட நன்றாக நினைவில் நிற்கும் என்பது 1978இல் ஸ்லாமெக்கா, கிராஃப் இருவரும் செய்த சோதனைகளிலிருந்தே தெரிந்தது.

அப்புறம், அந்த அமைதி. மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் வகுப்புகளைப் பதிவு செய்து பார்த்தார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டு ஒரு விநாடி அளவே காத்திருந்தார்கள். மூன்று விநாடிக்கு மேல் காத்திருந்தபோது பதில்கள் நீண்டன, வாய் திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள். இணையத்தில் ஒலி வந்து சேரும் தாமதம், மைக்கைத் திறக்கும் நேரம், தமிழில் சொல் தேடும் நேரம் எல்லாம் இருக்கிறது. வீட்டில் ஆங்கிலமே பேசும் பிள்ளைக்குப் பத்து விநாடிகூட அதிகமில்லை. உங்களுக்குத்தான் அது யுகமாகத் தோன்றும். ஒரு வாய் தேநீர் குடியுங்கள்.

தமிழ்த் தட்டச்சு வராதவர்களுக்கு ஒரு சின்ன வெள்ளைப்பலகையும் மார்க்கரும் போதும். எழுதி, சொன்னவுடன் எல்லாரும் ஒன்றாகக் கேமராவுக்கு முன் தூக்கிக் காட்டட்டும். பெயர் சொல்லிக் கேட்பதானால் கேள்வி முதலில், பெயர் கடைசியில். 'கவின், இந்தப் பத்தியில்...' என்று தொடங்கிய நொடியே மற்றவர்கள் எல்லாரும் விடுமுறையில் போய்விடுவார்கள்.

தவறான பதிலை எழுதினால் அதுவே மனத்தில் பதிந்துவிடாதா?

உடனே திருத்தினால் பதியாது. 2009இல் கோர்னெல், ஹேஸ், பியோர்க் மூவரும் செய்த சோதனைகளில், தெரியாமல் ஊகித்துத் தவறிய பிறகு சரியான விடையைப் பார்த்தவர்கள், நேரடியாக விடையைப் படித்தவர்களைவிட நன்றாக நினைவில் வைத்திருந்தார்கள். திருத்தாமல் விட்டால்தான் ஆபத்து. பாடம் தொடங்கும் முன்பே 'இதற்கு என்ன பொருள் இருக்கும், ஊகியுங்கள்' என்று கேட்பது நல்ல பழக்கம்.

கஹூட் போன்ற இணைய வினாடி வினா விளையாட்டுகளை வைத்தால் ஆர்வம் கூடுமே?

சத்தம் கூடும். கற்றலும் கூடுகிறதா என்பது எப்படி அமைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

பரிசு கிடைத்தால் மூளையில் 'டோபமின் என்ற வேதிப்பொருள் சுரக்கும்' என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறார்கள். நரம்பியல் ஆய்வாளர் உல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளில் பதிவு செய்து 1990களில் காட்டியது சுவாரசியமானது. எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தபோது டோபமின் நரம்பணுக்கள் துடித்தன. சாறு வரும் என்று முன்கூட்டியே முழுமையாகத் தெரிந்த பிறகு சாறு வந்தபோது அந்தத் துடிப்பு இல்லை. எதிர்பார்ப்புக்கும் நடப்புக்கும் உள்ள இடைவெளியைத்தான் அவை கணக்கெடுக்கின்றன. ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு நட்சத்திரம் கொடுத்துக்கொண்டே இருந்தால் மூன்றாம் வாரத்தில் அதை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

இன்னொரு பிரச்சினை நம் பிள்ளைகளுக்கே உரியது. விரைவாக அழுத்தினால் அதிகப் புள்ளி என்ற விளையாட்டில், தமிழ் எழுத்தை எழுத்துக்கூட்டி வாசிக்கும் பிள்ளை கேள்வியை முடிக்கும் முன்பே தோற்றுவிடுகிறது. விடை தெரிந்தும் தோற்கிறது. இரண்டு வாரம் இப்படி நடந்தால் விடைப் பொத்தானின் நிறத்தைப் பார்த்து ஏதோ ஒன்றை அழுத்தப் பழகிவிடும். நேரத்தை நீட்டுங்கள், வேகத்துக்குப் புள்ளி தருவதை நிறுத்துங்கள். நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதற்கும் ஒன்றுமில்லாத இடத்தில் விடையை எழுதுவதற்கும் நிறைய வேறுபாடு உண்டு என்பதால், விளையாட்டு முடிந்ததும் இரண்டு கேள்விகளை எழுத்தில் கேளுங்கள்.

புள்ளிகளைவிட எனக்குப் பிடித்த கருவி ஆவல். 2014இல் மத்தியாஸ் குரூபரும் அவர் குழுவினரும் செய்த ஆய்வில், ஒரு புதிருக்கு விடை தெரிய ஆவலோடு காத்திருந்தவர்கள் அந்த விடையை மட்டுமல்லாமல், இடையில் காட்டப்பட்ட சம்பந்தமே இல்லாத முகங்களையும் நன்றாக நினைவில் வைத்திருந்தார்கள். கருத்தறிதல் பத்தியைத் திறக்கும் முன் 'லிட்டில் இந்தியாவில் ஒரு தெருவுக்கு ஏன் பஃபலோ ரோடு என்று பெயர்? அங்கே எருமைக்கு என்ன வேலை?' என்று கேட்டுவிட்டு, விடையைச் சொல்லாமல் சிராங்கூன் வட்டாரத்தின் பழைய கால்நடை வணிகம் பற்றிய பத்தியைக் கொடுங்கள். பிள்ளைகள் எதையோ தேடிக்கொண்டு வாசிப்பார்கள்.

என் மகன் 'எல்லாம் புரிந்தது' என்கிறான். அடுத்த வாரம் கேட்டால் ஒன்றும் இல்லை. நடிக்கிறானா?

நடிக்கவில்லை. வகுப்பில் புரிந்தது உண்மை, மறந்ததும் உண்மை. ஹெர்மன் எபிங்ஹவுஸ் பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, மறதி எவ்வளவு வேகமாக வருகிறது என்று 1885இலேயே எழுதிவைத்தார். முதல் சில மணி நேரத்தில்தான் பெரும்பகுதி உதிர்கிறது.

ஏமாற்றுவது எதுவென்றால், திரும்ப வாசிப்பது. 2006இல் ரோடிகரும் கார்ப்பிக்கியும் மாணவர்களை ஒரு பத்தியை வாசிக்கச் சொன்னார்கள். ஒரு குழு அதையே மறுபடி வாசித்தது. இன்னொரு குழு பத்தியைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தால் மறுபடி வாசித்தவர்களே முன்னணி. ஒரு வாரம் கழித்துச் சோதித்தால் நிலைமை தலைகீழ். எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 விழுக்காடு நினைவிருந்தது, மறுபடி வாசித்தவர்களுக்கு 42.

நம் திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை முன்னால் நின்று முந்தைய நாள் பாடத்தை ஒப்பித்தார்களே, அதில் இந்த விஷயம் இருந்தது. பொருள் தெரியாமல் ஒப்பிப்பதைக் குறை சொல்லிச் சொல்லி, ஏட்டைப் பார்க்காமல் நினைவுகூர்வதையே கைவிட்டுவிட்டோம் என்று தோன்றுகிறது. குறை பொருள் தெரியாததில்தான், ஒப்பித்ததில் இல்லை.

வீட்டில் நீங்கள் செய்யக்கூடியது எளிது. 'புரிஞ்சதா?' என்று கேட்காதீர்கள், அதற்கு 'ம்' என்ற ஒரே பதில்தான் வரும். 'இன்னிக்கு டீச்சர் சொன்னதுல மூணு சொல்லு' என்று சாப்பாட்டு மேசையில் கேளுங்கள், புத்தகம் மூடியிருக்கட்டும். இரண்டு நாள் கழித்து ரயிலில் போகும்போது அதே மூன்றையும் கேளுங்கள். அடுத்த வகுப்புக்கு முன்னால் இன்னொரு முறை. உங்களுக்கே தமிழ் அவ்வளவாக வராது என்றால் இன்னும் வசதி, பிள்ளை உங்களுக்குச் சொல்லிக்கொடுக்கட்டும்.

திரையில் உள்ளதை அப்படியே வாசித்துக் காட்டலாமா?

ஒரு வரி, ஒரு சொற்றொடர் என்றால் தாராளமாக. மெதுவாக வாசிக்கும் பிள்ளைக்கு எழுத்தும் ஒலியும் சேர்ந்து வருவது உதவி. பத்து வரி நிறைந்த ஸ்லைடை வாசிப்பதுதான் கூடாது. கண் ஒரு வேகத்திலும் காது இன்னொரு வேகத்திலும் போய், அந்த நான்கு நாற்காலிக்குச் சண்டை வரும்.

என் மகள் கண்வழி கற்பவள் என்று ஒரு சோதனையில் வந்தது. அதற்கேற்ப நடத்த முடியுமா?

வேண்டாம். பாஷ்லரும் மற்ற மூவரும் 2008இல் இது குறித்த ஆய்வுகளையெல்லாம் அலசி, கண்வழி, காதுவழி என்ற கற்றல் பாணிக்கு ஏற்பக் கற்பித்தால் பலன் கூடும் என்பதற்குத் தகுந்த சான்று இல்லை என்று எழுதினார்கள். ல, ள, ழ வேறுபாட்டை எல்லாப் பிள்ளைகளும் காதால்தான் கேட்க வேண்டும், எல்லாப் பிள்ளைகளும் கையால்தான் எழுத வேண்டும்.

வகுப்பு நடக்கும்போதே இன்னொரு சன்னலில் விளையாடுகிறான். கேட்டால் 'ரெண்டையும் பார்த்துக்குவேன்' என்கிறான்.

பார்க்க முடியாது. மூளை இரண்டையும் ஒரே நேரத்தில் செய்வதில்லை, ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவுகிறது. ஒவ்வொரு தாவலுக்கும் நேரமும் பிழையும் விலை. அறிவுரை சொல்லிச் சண்டை போடுவதைவிட, வகுப்பு முடியும் வரை கைப்பேசி சமையலறையில் சார்ஜ் ஆகட்டும். ஆசிரியர் பக்கத்திலிருந்து செய்யக்கூடியது, கைக்கு வேலை கொடுப்பது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுதிக் காட்ட வேண்டிய வகுப்பில் விளையாடுவது சிரமம்.

நான் பெரியவர்களுக்கு நடத்துகிறேன். இரவு 7.30க்கு வேலை முடிந்து களைத்து வருகிறார்கள். அவர்களைப் போய்க் கேள்வி கேட்டுக் கொல்வதா?

கேட்கத்தான் வேண்டும், மரியாதையாக. அரசின் திறன் மேம்பாட்டுத் திட்டமான ஸ்கில்ஸ்ஃபியூச்சரில் 25 வயது நிரம்பிய சிங்கப்பூரர்களுக்குப் பயிற்சிக் கட்டணத்துக்காக 2016இல் 500 வெள்ளி, 40 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு 2024 மே மாதத்தில் இன்னொரு 4,000 வெள்ளி என்று வந்த பிறகு, பள்ளியை விட்டு இருபது, முப்பது ஆண்டு ஆனவர்களும் வகுப்புக்கு வருகிறார்கள். அவர்களின் பயம் மறதியைப் பற்றியது அல்ல, பலர் முன்னால் முட்டாளாகத் தெரிவதைப் பற்றியது. அதனால் பெயர் தெரியாமல் பதில் அனுப்பும் வாக்கெடுப்பு முதல் வாரம் கைகொடுக்கும். இரண்டாவது வாரத்திலிருந்து இருவர் இருவராக ஸூமின் தனி அறைக்கு அனுப்புங்கள். அவர்கள் வேலையிடத்தில் பார்த்ததைக் கேளுங்கள். கிடங்கில் இருபது வருடம் வேலை பார்த்த ஓர் அண்ணனுக்குச் சரக்குக் கணக்கு தெரியும், எக்செல் சூத்திரத்தை அதோடு கோத்துக் காட்டினால் புதிதாகச் சுமக்க வேண்டியது பாதிதான்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. 2019இல் ஹார்வர்டில் லூயிஸ் தெலோரியேவும் குழுவினரும் இயற்பியல் மாணவர்களிடம் செய்த ஆய்வில், தாங்களே கணக்குப் போட்டுத் திணறியவர்கள் சோதனையில் அதிகம் பெற்றார்கள், ஆனால் குறைவாகக் கற்றதாகவே உணர்ந்தார்கள். அழகான விரிவுரை கேட்டவர்கள் நிறையக் கற்றதாக உணர்ந்தார்கள். வகுப்பு முடிந்ததும் நிரப்பச் சொல்லும் கருத்துப் படிவத்தில் உங்களுக்கு நட்சத்திரம் குறையலாம் என்று பொருள். முதல் நாளே இந்த ஆய்வைச் சொல்லிவிடுங்கள். 'கஷ்டமாக இருந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம்' என்பதைத் தொடக்கத்திலேயே கேட்டவர்கள் பிறகு அவ்வளவாகக் கோபப்படுவதில்லை.

எங்களுக்குக் கிடைத்த நேரம் இரவு 9 முதல் 10. தொடக்கநிலை 4 பிள்ளைக்குப் பரவாயில்லையா?

முடிந்தால் மாற்றுங்கள். பகலில் கற்றது உறுதிப்படுவது பெரும்பாலும் ஆழ்ந்த தூக்கத்தில். எலிகள் ஓடிய பாதைக்குரிய ஹிப்போகேம்பஸ் துடிப்புகள் பிறகு தூக்கத்தில் மீண்டும் எழுவதை 1994இல் வில்சனும் மெக்நாட்டனும் பதிவு செய்தார்கள். 6 முதல் 12 வயதுப் பிள்ளைக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் தேவை என்பது அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகத்தின் பரிந்துரை. காலை 7.30 மணிக்குப் பள்ளியில் நிற்க வேண்டுமென்றால் ஆறு, ஆறேகாலுக்கு எழ வேண்டும். பத்து மணிக்கு வகுப்பு முடிந்து, பால் குடித்து, பல் துலக்கிப் படுக்கும்போது பதினொன்றை நெருங்கிவிடும். கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

வேறு நேரமே கிடைக்கவில்லை என்றால் ஆசிரியரிடம் பேசி, ஒரு மணி நேரத்தை வாரத்தில் இரண்டு நாள், மாலை 7 மணிக்கு அரை மணி நேரம் என்று பிரிக்கச் சொல்லுங்கள். இரண்டாவது நாளின் முதல் ஐந்து நிமிடத்தில் முதல் நாள் பாடத்தைக் கேட்க வசதியாகவும் இருக்கும். ஆசிரியருக்குக் கால அட்டவணை இடிக்கும், பேருந்தில் வீடு திரும்பிக்கொண்டிருக்கும் பெற்றோருக்குப் பிள்ளையை உட்கார வைப்பது சிரமம், அதெல்லாம் உண்மைதான். சனிக்கிழமை காலை ஒன்பது மணி வகுப்புக்கு இடம் இருக்கிறதா என்று முதலில் கேட்டுப் பாருங்கள்.